கலியாணம் இல்லாத மாதங்கள்

அவர் அழுதால் நம்பக்கூடாது என்று நான் முடிவு செய்தது 1955ஆம் ஆண்டு தை மாதத்தில். அந்த மாதம் அவர் நடத்திவைத்த மூன்று கலியாணங்களுக்குப் போயிருந்தேன். மூன்றிலும் பெண்ணின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்து, ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்தத் தொடங்கியவர், 'வேரோடி'க்கு முன்னால் நின்றார். தொண்டையைச் செருமினார். இடது கண் மட்டும் நனைந்தது. பெண்வீட்டார் அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். முதல் கலியாணத்தில் நானும் உறிஞ்சினேன். இரண்டாவதில், இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. மூன்றாவதில் அவர் நிற்கப்போகும் இடம் வருவதற்கு முன்பே அவருடைய இடது கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீசில் குமாஸ்தா. யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவது தொழில். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றி, 1951 முதல் நாட்குறிப்பு எழுதிவந்தேன். இங்கே வரும் ஆண்டுகளும் மாதங்களும் அந்த நோட்டுகளில் உள்ளவை. பேச்சுகள் மட்டும் நினைவிலிருந்து எழுதுபவை. அவற்றில் சொல் ஒன்றிரண்டு மாறியிருக்கலாம்.

தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் யாரும் இல்லை. அருமைக்காரர் என்பார்கள். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சடங்குகளை முன்னின்று நடத்தி, மணமக்களின் கைகளைச் சேர்த்துவைக்கும் பெரியவருக்கு அந்தப் பெயர். எல்லோரும் அருமைக்காரர் ஆகிவிட முடியாது. குடும்பஸ்தராக இருக்கவேண்டும், மனைவி உயிரோடு இருக்கவேண்டும், பிள்ளை பெற்றிருக்கவேண்டும், அதற்கென்று ஒரு சீர் செய்துகொண்டிருக்கவேண்டும். அவர் மனைவி அருமைக்காரி. இருவரும் நின்றால்தான் மணப்பந்தல் நிறையும். அவருக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. உயரம், தலையில் சிவப்பு உருமால், நரைத்த மீசை, இரண்டு மகன்கள், ஒரு மகள், கிணற்றோடு ஆறு ஏக்கர்.

எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

அவரிடம் ஒரு பழக்கம். நாம் பேசும்போது நாம் சொல்வதைக் கேட்கமாட்டார். நம் கையைப் பார்ப்பார், கழுத்தைப் பார்ப்பார். என் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் நாள்பட்ட இருமல். இருமல் வரும்போது முதலில் வலது கையால் துண்டைத் தேடுவார், கிடைத்ததும் இருமலை விழுங்கிவிடுவார், பிறகு துண்டு கீழே இறங்கிய நேரத்தில் இருமல் வெடிக்கும். ஒருநாள் வாய்க்கால் தகராறு ஒன்றைப் பேச வந்த அருமைக்காரர் எங்கள் வாசலில் அரை மணி நேரம் இருந்தார். பத்து நாள் கழித்துத் தோட்டத்துப் பக்கம் நான் போகும்போது அப்பாவின் இருமல் கேட்டது. அப்பா வெயிலில் இங்கே எதற்கு வந்தார் என்று சோளக்காட்டை விலக்கிப் பார்த்தால், அருமைக்காரர் தனியாக நின்று துண்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வா கண்ணு. அப்பனுக்கு இப்ப ஒடம்பு தேவலையா?"

"இப்பத்தானுங்க இங்க இருமுனாரு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சோளத்தட்டு ஒன்றை ஒடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொன்று பஸ்ஸில். டவுனிலிருந்து நான் ஏறிய பஸ்ஸில் வழியில் ஒரு கிழவர் காலை இழுத்து இழுத்து ஏறினார். ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். கண்டக்டர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். உருமால் இல்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எங்கள் ஊரில் இறங்கியதும் பஸ் திருப்பத்தில் மறையும்வரை காலை இழுத்தார். பிறகு மடியிலிருந்த உருமாலை எடுத்துக் கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

"ஏனுங்க, காலுக்கு என்னாச்சுங்க?" என்று பின்னால் ஓடிக் கேட்டேன்.

"எடங்குடுத்தாளே, அந்தம்மா மொகத்தப் பாத்தியா? அவளுக்கு அது நெசந்தானே?" என்றார். அன்று இரவு அதற்குப் பதில் எழுத நினைத்து, நோட்டில் இடம் விட்டேன். அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஊருக்கும் அவர்மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அது வேறு மாதிரியான சந்தேகம். சில மாதங்களில் அவர் வாரக்கணக்கில் காலை பஸ்ஸில் டவுனுக்குப் போய்ப் பொழுதோடு திரும்பினார். சில நாள் திரும்பாமலும் இருந்தார். பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில் பேசிக்கொள்வார்கள்.

"அருமைக்காரருக்கு டவுன்ல சோலி வந்துபோச்சாட்ட இருக்குது."

"சோலிக்கு எத்தன வயசிருக்கும்ங்க?"

"அட, கெரகம் புடிச்சவனே. அருமைக்காரி காதுல உழுந்தா உன்ற கதி அவ்வளவுதான்."

நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். அவர் ஊரில் இல்லாத நாட்கள் எல்லாம் ஆடி, புரட்டாசி, மார்கழி. எங்கள் பக்கம் கலியாணம் வைக்காத மாதங்கள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் அவர் ஒருநாள்கூட ஊரைவிட்டு நகரவில்லை. பெண் சகவாசம் வைத்திருப்பவன் பஞ்சாங்கம் பார்த்துப் போகமாட்டான் என்று எனக்குப் பட்டது.

1955 ஆடியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவர் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். அவர் டவுனில் பஸ் மாறினார். நானும் மாறினேன். நகரத்துக்குக் கிழக்கே ஒரு சினிமா ஸ்டுடியோவின் கேட்டு முன்னால் அறுபது எழுபது பேர் வரிசையில் நின்றார்கள். படத்தில் வரும் கூட்டத்துக்கும் சந்தைக்கும் பஞ்சாயத்துக்கும் ஆள் எடுப்பார்களாம். உருமாலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் கடைசியில் போய் நின்றார். கால்சட்டை போட்ட ஓர் இளைஞன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஏய் பெரிசு, மறைக்காத. தள்ளி நில்லு."

அவர் தள்ளி நின்றார். எங்கள் ஊரில் அவர் வருகிறார் என்றால் கட்டிலில் இருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். அப்படிப்பட்டவர் தோளைக் குறுக்கி, "சரிங்க சாமி" என்று இரண்டடி பின்வாங்கினார். அந்தப் பணிவு நிஜமா, அந்த இளைஞனுக்காகப் போட்டுக்காட்டியதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. போட்டுக்காட்டியது என்றால் அது வீண்போகவில்லை. இளைஞன் நாலு பேரைத் தாண்டிப் போய், திரும்பிவந்து, அவரைக் கைகாட்டி உள்ளே அனுப்பினான்.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். முகத்தில் அரைகுறையாகத் துடைத்த பவுடரோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"பஸ்ஸுலயே பாத்துப்போட்டேன். ஒளியறதுக்கு உனக்குத் தெரியல கண்ணு. பேப்பரைத் தலைகீழாப் புடிச்சிருந்தே."

"இந்த வயசுல இதென்னங்க வேலை?"

போன வருடம் ஒரு படத்துக்கு அவருடைய காளைகளையும் வண்டியையும் வாடகைக்குக் கேட்டார்களாம். காளைகளோடு போனவரைப் பஞ்சாயத்துக் காட்சியில் ஓரமாக நிற்கச் சொன்னார்களாம். அவ்வளவுதான் தொடக்கம்.

"ஊருக்குள்ள நான் முப்பது வருசமா ஒரே வேசந்தான் கண்ணு கட்டறேன். நல்லவன் வேசம். மத்ததையெல்லாம் எப்பக் கட்டறது?" டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "உள்ள இன்னைக்கு என்னைத் திருடன்னு வெச்சாங்க. அடிச்சாங்க. நெம்ப நல்லா இருந்துச்சு."

ஊரில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைத்துக்கொண்டேன். திருடன், சந்தை வியாபாரி, கோவில் வாசலில் குருடன் என்று அவர் போட்ட வேசங்களையும் போன மாதங்களையும் அவரே பின்னாளில் என்னிடம் சொல்லிவந்தார். சொல்ல வேறு ஆள் இல்லை என்பதால்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். 1956 மார்கழியில் ஒரு புதன்கிழமை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வசனம் குடுத்துப்போட்டாங்க" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

அந்தப் படம் எங்கள் பக்கத்து டூரிங் கொட்டாய்க்கு வந்தது 1958 பங்குனியில். வைகாசியில் என் தங்கைக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அருமைக்காரர்தான் நடத்திவைப்பதாக இருந்தது.

ஊரே படம் பார்க்கப் போயிருந்தது. இடைவேளைக்குப் பிறகு திரையில் ஒரு பாடை தெரிந்தது. அதற்கு முன்னால் கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு, மார்பில் துண்டில்லாமல், அருமைக்காரர் நடந்துவந்தார். படத்தில் அவர் பிள்ளையில்லாத விவசாயி. பஞ்சத்தில் மனைவி செத்துவிடுகிறாள். சுடுகாட்டு மேட்டில் நின்று, எனக்கென்று இனி யாருமில்லை என்று ஒரே ஒரு வரி பேசுகிறார். அருமைக்காரருக்கு வேண்டிய இரண்டும் அந்த ஒரு வரியில் போய்விட்டன. பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து அவர் மனைவியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மூன்று வீடுகளில் பெண்கள், சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்களைப் போல, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். மறுநாள் நடந்தது அதைவிட மோசம். கொட்டாயில் படம் பார்த்த யாரோ மேட்டுப்பாளையம் சந்தையில் போய், அருமைக்காரர் கொள்ளிச்சட்டி தூக்கினார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அருமைக்காரியின் பெரியப்பா மகள் அங்கே இருந்தாள். அவள் கிடைத்த முதல் பஸ்ஸில் கிளம்பி, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தாள். கதவைத் திறந்தது அருமைக்காரி.

"ஆரு செத்துப்போனா, அக்கா?" என்று இவர் பதறினார்.

வந்தவள் இவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நீதான் அம்மணி" என்றாள்.

இருவரும் சேர்ந்து சிரித்ததாகச் சொல்வார்கள். ஊர் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரமே ஆள் அனுப்பினார்கள். செத்த மனைவிக்குக் கொள்ளி வைத்த கை எங்கள் மகன் கையைத் தொடலாமா என்பது கேள்வி. வேறு ஊர் அருமைக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அவர்கள் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் இருந்தது. அவர்களுடைய மூத்த மகனுக்கு 1957 தையில் கைசேர்த்து வைத்தவரும் இவர்தான். அந்த மருமகள் இப்போது முழுகாமல் இருந்தாள். இவரை விலக்கினால் அந்தக் கலியாணத்திலும் குறை இருந்ததாக ஆகிவிடும். விலக்காவிட்டால் இந்தக் கலியாணத்தில் குறை. இதற்கு ஒரு வழி சொல்லாமல் பெண்ணெடுப்பதில்லை என்றார்கள். என் தங்கை இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மாரியம்மன் கோவிலில் கூடினோம். மாப்பிள்ளையின் அப்பா பணிவான மனிதர். ஆனால் விடுகிற மனிதர் இல்லை.

"தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படம் எப்பப் புடிச்சதுங்க? எங்க பெரியவன் கலியாணத்துக்கு முன்னயா, பின்னயா?"

"பின்னாலதானுங்க" என்றார் அருமைக்காரர். "தை கலியாணம் முடிஞ்சு, மாசியிலதான் கூப்புட்டாங்க."

அவர் கண் இமைக்கவில்லை. அந்தத் தைக்கு முந்தின மார்கழி, புதன்கிழமை என்று என் நோட்டில் இருந்தது. கோவிலிலிருந்து எங்கள் வீடு எண்பது தப்படி. அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. என் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் துடுக்கானவர். "அது இருக்கட்டுமுங்க. கொட்டாயில அழுததையும் பாத்தோம், கலியாணத்துல அழுததையும் பாத்தோம். ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருந்துச்சு. அப்பக் கலியாணத்துலயும் நடிக்கறீங்களா?"

மூன்று வருடமாக நான் கேட்க நினைத்திருந்த கேள்வி அது. அருமைக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"மொதக் கலியாணத்துல எனக்குக் கையி நடுங்குச்சுங்க. நடுங்காத மாதிரி நடிச்சனுங்க. அந்தப் புள்ளைக்கு இப்ப நாலு பேரன் பேத்தி."

ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டார். அதன்பிறகு ஊர்ப் பெரியவர்கள் வழி சொன்னார்கள். அவர் மறுபடி அருமைச் சீர் செய்துகொள்ளவேண்டும். இனி எந்தக் காலத்திலும் வேசம் கட்டுவதில்லை என்று ஆத்தாள் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். அவர் குளித்து ஈரத்துணியோடு வந்தார். கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார். குரல் எல்லோருக்கும் கேட்கும்படி, எடுப்பாக இருந்தது. எனக்கு அந்த எடுப்புப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

வைகாசியில் கலியாணம் நடந்தது. எந்தக் குறையும் இல்லை.

ஆடி பிறந்து இரண்டாவது சனிக்கிழமை, மில்லுக்கு வந்த பார்சல் ஒன்றைப் பற்றி விசாரிக்க என்னைப் போத்தனூர் ஜங்ஷனுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு தகரப்பெட்டிமேல் அருமைக்காரி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர். மகள் வீட்டுக்குப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். மகள் வீடு பொள்ளாச்சிப் பக்கம். அந்தப் பிளாட்பாரத்தில் வரப்போவது மெட்ராஸ் வண்டி.

"எங்கீங்க பயணம்?" என்றேன்.

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறயே கண்ணு."

"கற்பூரத்த அணைச்சீங்களே?"

"அணைச்சேன்."

"மார்கழியில புடிச்சத மாசின்னீங்க."

"சொன்னேன். நீ அங்கதானே உக்காந்திருந்தே. உன்ற நோட்டு எங்க போச்சு?"

கையிலிருந்த பார்சல் ரசீதை மடித்தேன். அருமைக்காரி வெற்றிலையை மடித்து அவரிடம் நீட்டினார். "நான் ஒண்ணுதான் சொல்லிப்போட்டேன் சாமி. எந்த வேசம் வேணாலும் கட்டட்டும். என்னக் கொன்னு மட்டும் கட்டக்கூடாது. சமைச்சுப்போடறதுக்கு நானும் போறேன்."

அவர் வெற்றிலையை வாயில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார்.

"அந்தூட்டுல புள்ளை முழுகாம இருந்துச்சு. நான் நெசத்தச் சொல்லியிருந்தா அந்தப் புள்ளைய எங்க கொண்டுபோயி உட்டிருப்பாங்க? உன்ற தங்கச்சிய நீங்க எங்க கொண்டுபோயி உட்டிருப்பீங்க? ரெண்டு புள்ளைக ஒரு பக்கம், ஒரு பொய்யி ஒரு பக்கம். பொய்யச் சொன்ன பாவம் என்ற தலையில இருக்கட்டும். அதுக்குத்தான் உன்ற தங்கச்சி கலியாணத்தோட அருமைய எறக்கி வெச்சுப்போட்டேன். இனி நீ பாத்துக்கன்னு என்ற தம்பிகிட்டச் சொல்லிப்போட்டேன். முப்பது வருசம் சேத்து வெச்ச கையி. இனிமே இது ஒருத்தர் கையையும் தொடாது."

கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, பிறகுதான் சொன்னார். முழுக்க நம்பினேன். நம்பிய உடனேயே சந்தேகமும் வந்தது.

"இது எந்தப் படத்துலீங்க வருது?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தை, கழுத்தை, பார்சல் ரசீதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"ஏன் கண்ணு," என்றார் ஆவலாக, "நல்லா இருந்துச்சா?"

வண்டி வந்துவிட்டது. பெட்டியை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன்.

அதன்பிறகு 1966வரை திரையில் அவரை ஏழு முறை பார்த்திருக்கிறேன். ஒரு ஜட்ஜ், ஒரு பூசாரி, இரண்டு பிச்சைக்காரர்கள், ஒரு வட்டிக்கடைக்காரர், தாடி வைத்த இரண்டு பேர். ஊரில் யாரும் அடையாளம் கண்டதாகச் சொல்லவில்லை. கண்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். என் தங்கை புகுந்த வீட்டு மூத்த மருமகளுக்குப் பையன் பிறந்திருந்தான். என் தங்கைக்கும் இரண்டு குழந்தைகள். அவருடைய மனைவியைச் சாகடித்த காட்சி அந்த ஏழில் ஒன்றிலும் இல்லை. நான் கவனித்துப் பார்த்தேன்.

அன்று போத்தனூரிலிருந்து நான் வீடு திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள். அப்பா முற்றத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கையும் மாப்பிள்ளையும் ஆடிக்கு விருந்து வந்திருந்தார்கள். உள்ளே மாப்பிள்ளைக்கு இலை போட்டிருந்தது. பேச்சும் சிரிப்புமாகச் சத்தம் கேட்டது. நேரமானதற்குக் காரணமாகப் போத்தனூர் போய்வந்ததை அப்பாவிடம் சொன்னேன்.

"போத்தனூருக்கா போயிருந்தே? டேசன்ல நம்ம பக்கத்தாளுக ஆரையாச்சும் பாத்தயா?" என்றார் அப்பா.

சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். செம்பில் தண்ணீர் எடுத்தேன். அவசரப்படாமல், செம்பை வாய்க்குக் கொண்டுபோகும் முன்பு, "ஒருத்தரையும் பாக்கலீங்கப்பா" என்றேன்.

நான் தண்ணீரைக் குடித்து முடித்துச் செம்பைக் கீழே வைக்கும்வரை அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.